வெப்பம் கூடினால் வடகோடிக் காடுகள் தழைக்குமா?

தென்னாப்பிரிக்காவில், நம் டர்பனை ஒட்டிய சாட்ஸ்வொர்த்திலிருந்து எழுதியிருக்கும் அன்பர் பல கேள்விகளை ஒரே மூச்சில் கேட்டிருக்கிறார். அலாஸ்கா, கனடா, ஸ்காண்டிநேவியா, சைபீரியா என்று வடதுருவத்தைச் சுற்றி வளையமாகக் கிடக்கும் போரியல் காடுகளில் மரங்களை வளரவிடாமல் தடுப்பது குளிர்தானே, பூமி சூடானால் அவை இன்னும் செழித்துக் கரியமில வாயுவைக் கூடுதலாக இழுத்துக்கொள்ளத்தானே வேண்டும் என்பது முதலாவது. முப்பது நாற்பது ஆண்டுகளாக அதே மரங்களை அளந்துகொண்டிருப்பவர்கள் இன்னமும் 'உறுதியாகச் சொல்வதற்கில்லை' என்கிறார்களே, அந்தப் பணம் வீண்தானே, செயற்கைக்கோள் படங்கள் போதாதா என்பது அடுத்தது. விஷயம் கடைசி வரியில் இருக்கிறது. அவருடைய தங்கை மகளுக்கு அலாஸ்காவில் இப்படிப்பட்ட ஓர் ஆய்வில் சேர வாய்ப்பு வந்திருக்கிறது. பெண்ணை அனுப்பலாமா, இது உருப்படியான வேலையா என்கிறார். ஆக, அவர் உண்மையில் கேட்பது இதுதான்: நீண்ட காலம் அளந்தால் மட்டுமே தெரியவரும் உண்மை என்று ஏதாவது இருக்கிறதா? இருக்கிறது. காடு தழைக்கும் என்ற விடையும் காடு அழியும் என்ற விடையும் பெரும்பாலும் எந்த ஆண்டில் அளவெடுப்பதை நிறுத்தினோம் என்பதைப் பொறுத்தே வருகின்றன.

என்னைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். நான் காட்டு ஆள் அல்ல, புல் ஆள். பீட்டர்மாரிட்ஸ்பர்க்கை ஒட்டிய உகுலிங்கா பண்ணையில் 1950, 1951 ஆண்டுகளில் தொடங்கிய புல்வெளிச் சோதனைகள் உண்டு. ஒரு துண்டு நிலத்தை எரிப்பது, பக்கத்துத் துண்டை அறுப்பது, இன்னொன்றைத் தொடாமல் விடுவது, வேறொன்றுக்கு உரமிடுவது என்று தலைமுறை தாண்டி நடக்கிற வேலை. என் வேலைக்காலத்தின் பெரும்பகுதி அங்கேயும் டிராகன்ஸ்பர்க் மலைச்சரிவுகளிலும் கழிந்தது. வடக்குக் காட்டில் ஒரே ஒரு கோடைக்காலம், அலாஸ்காவின் ஃபேர்பேங்க்ஸ் பக்கம், நண்பர்களின் குழுவுக்குக் கையாளாக இருந்திருக்கிறேன். மற்றவை படித்ததும் துறைக்காரர்களிடம் கேட்டறிந்ததும்தான். ஸ்புரூஸ் என்ற ஊசியிலை மரத்தின் உடலியலை நுணுக்கமாகக் கேட்பவர்களுக்கு என்னைவிடப் பொருத்தமான ஆட்கள் உண்டு. ஒரே இடத்தைப் பல பத்தாண்டுகள் அளந்தால் என்ன கிடைக்கும், அது எங்கே காலை வாரும் என்பதில் மட்டும் எனக்குப் பழக்கம் அதிகம்.

குளிர்தான் தடை என்பது பாதி உண்மை. ஃபேர்பேங்க்ஸில் ஆண்டு முழுவதும் விழும் மழையையும் பனியையும் சேர்த்தால் சராசரியாக 300 மில்லிமீட்டருக்குச் சற்றுக் குறைவுதான். டர்பனில் பெய்வதில் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை. நம் நாட்டின் வறண்ட கரூ நிலப்பகுதியில் அந்த அளவு மழைக்குக் குட்டைப் புதர்தான் முளைக்கும். ஃபேர்பேங்க்ஸில் காடு நிற்கிறது என்றால் இரண்டு காரணங்கள்: குளிரால் நீர் ஆவியாவது குறைவு; பல இடங்களில் மண்ணுக்கடியில் ஆண்டு முழுக்க உருகாத உறைமண் இருந்து, மேலே விழும் நீரைக் கீழே இறங்கவிடாமல் தாங்கிக்கொள்கிறது. குளிர் குறைந்தால் இந்த இரண்டும் சேர்ந்தே குறையும். அலாஸ்காவின் உட்பகுதியில் வெள்ளை ஸ்புரூஸ் மரங்களின் ஆண்டு வளையங்களை ஆராய்ந்து 2000ஆம் ஆண்டில் வெளியான ஆய்வு இதைத்தான் காட்டியது: கோடை எவ்வளவு சூடோ, அந்த ஆண்டு வளையம் அவ்வளவு மெல்லியது. மரம் குளிரால் அல்ல, தாகத்தால் வாடியிருக்கிறது. அதே காலத்தில் செயற்கைக்கோள் தரவுகளை வைத்து வடக்கு பச்சையாகிறது என்ற செய்தி உலகமெங்கும் ஓடிக்கொண்டிருந்தது. அதுவும் பொய்யல்ல; வடகோடியின் பரந்த பகுதிகளில் பசுமை கூடியது உண்மை. எல்லாக் காட்டுக்கும் ஒரே விதி இல்லை என்பதுதான் அதில் விட்டுப்போனது.

ஸ்வீடனின் வடபகுதியில் ஃபிளாக்காலிடன் என்ற இடத்தில் 1980களின் பிற்பகுதியில் தொடங்கிய சோதனை இதற்கு நேர் எதிரான கதையைச் சொல்கிறது. அங்கே ஈரத்துக்குப் பஞ்சமில்லை. ஊட்டத்துக்குத்தான் பஞ்சம். குளிர்ந்த மண்ணில் இலைதழை மக்குவது மெதுவாக நடப்பதால் நைட்ரஜன் எல்லாம் பூட்டிக் கிடக்கிறது. உரம் கொடுத்த ஸ்புரூஸ் மரங்கள் பல மடங்கு வளர்ந்தன. உரமே கொடுக்காமல், மண்ணில் கம்பிவடம் புதைத்துச் சூடேற்றிய துண்டுகளிலும் மரம் கூடுதலாக வளர்ந்தது. சூடு மக்கலை விரைவாக்கி நைட்ரஜனை விடுவித்தது. ஆகவே, சாட்ஸ்வொர்த் அன்பரின் கணக்கு ஸ்வீடனின் ஈரமான ஒரு சரிவில் சரி, அலாஸ்காவின் தனானா ஆற்றுப் பக்கத்து மேட்டில் தவறு. இதைத் துறையில் யாரும் இப்போது மறுப்பதில்லை.

ஆனால் மரத்தையே பார்த்துக்கொண்டிருப்பதுதான் இந்த விவாதத்தின் பெரிய கோளாறு என்பது என் எண்ணம். போரியல் காட்டின் கார்பனில் பெரும்பங்கு மரத்தில் இல்லை, காலுக்கடியில் இருக்கிறது: பாசி, மக்காத ஊசியிலை, கரிய சதுப்பு மண், உறைமண். ஆயிரக்கணக்கான ஆண்டுச் சேமிப்பு. நம் கரும்புத் தோட்டங்களில் அறுவடைக்கு முன் தோகையை எரிப்பதைப் பார்த்து வளர்ந்தவர்கள் நாம். டோங்காட் பக்கம் வீட்டு முற்றத்தில் கரித்துகள் வந்து விழும். அந்தத் தீ தோகையோடு போய்விடும். அடிக்கட்டை பிழைத்து மறுதாம்பு கிளம்பும். வடக்கே எரிவது தோகை மட்டும் அல்ல, வயலே சேர்ந்து எரிகிறது. வறண்ட கோடையில் தீ பாசிப்படுகைக்குள் இறங்கி, வாரக்கணக்கில் புகைந்து, சில இடங்களில் பனிக்கு அடியிலேயே குளிர்காலத்தைக் கடந்து அடுத்த வசந்தத்தில் மீண்டும் தலைகாட்டுகிறது.

எவ்வளவு மண் எரிந்தது என்று பிறகு எப்படிக் கண்டுபிடிப்பது? மரம் எரிந்தால் கட்டை மிஞ்சும். எரிந்த மண்ணுக்கு மிச்சம் ஏது? அலாஸ்காவில் எனக்குக் கற்றுக்கொடுத்த முறை எளிமையானது, அழகானது. பாசி உயர உயர, கறுப்பு ஸ்புரூஸ் தன் தண்டின் பக்கவாட்டில் புதுப்புது வேர்களை விட்டுக்கொண்டே போகும். தீ பாசியைத் தின்றுவிட்டால் அந்த வேர்கள் கருகிய குச்சிகளாய் அந்தரத்தில் நீட்டிக்கொண்டு நிற்கும். மண்டியிட்டு, எல்லாவற்றுக்கும் மேலே உள்ள வேரிலிருந்து இப்போதைய தரைவரை அளவுகோலை வைத்து அளக்க வேண்டும். தீக்குமுன் தரை அந்த வேருக்குச் சற்று மேலே இருந்திருக்கும் என்பதால் சில சென்டிமீட்டர் திருத்தம் சேர்க்க வேண்டும். அந்தத் திருத்தம் எவ்வளவு என்பதை எரியாத மரங்களை வைத்துக் கண்டறிகிறார்கள். பிறகு அடுத்த மரம். முழங்கால்வரை கரி, முகமெல்லாம் கொசு. எந்தச் செயற்கைக்கோளும் அந்த வேரைப் பார்க்காது.

இப்படி அளந்த தீக்களங்களை அப்படியே விட்டுவிடாமல் திரும்பத் திரும்பப் போய்ப் பார்த்ததில்தான் எதிர்பாராத விஷயம் வெளிவந்தது. 2004ஆம் ஆண்டு அலாஸ்காவில் சுமார் 27 லட்சம் ஹெக்டேர் எரிந்தது. ஃபேர்பேங்க்ஸ் அருகே 1987இல் தொடங்கிய போனன்சா கிரீக் நீண்டகால ஆய்வுக் களத்தோடு தொடர்புடையவர்கள், அந்த ஆண்டு எரிந்த 75 கறுப்பு ஸ்புரூஸ் காடுகளைப் பத்தாண்டுகளுக்கு மேல் பின்தொடர்ந்தார்கள். வழக்கமாகத் தீக்குப் பிறகு ஸ்புரூஸ் தானே மீளும்; அதன் கூம்புகள் பிசினால் மூடியிருந்து, தீயின் சூட்டில் திறந்து விதை உதிர்க்கும். ஆனால் பாசிப்படுகை ஆழமாக எரிந்து கனிம மண் வெளியே தெரிந்த இடங்களில் காற்றில் வந்த பிர்ச், ஆஸ்பென் என்ற இலையுதிர் மரங்களின் விதைகள் முந்திக்கொண்டன. ஊசியிலைக் காடு இலையுதிர் காடாக மாறியது. 2021இல் வந்த முடிவு பலரை நிமிர்ந்து உட்கார வைத்தது: ஒரு முழுத் தீச்சுழற்சியை, அதாவது ஒரு தீயிலிருந்து அடுத்த தீவரையான காலத்தைக் கணக்கிட்டால், அப்படி மாறிய காடு முன்பிருந்த ஸ்புரூஸ் காட்டைவிட ஐந்து மடங்கு நிகரக் கார்பனைச் சேர்க்கக்கூடும். இலையுதிர் காடு அவ்வளவு எளிதில் எரியாது. குளிர்காலத்தில் இலையற்று நிற்பதால் கீழே உள்ள பனி வெயிலைத் திருப்பி அனுப்பும். 2005இல் போய் அளந்தவர் அங்கே பேரழிவைத்தான் எழுதியிருப்பார்.

இதைப் படித்துவிட்டு, தீ நல்லது என்று யாரும் கிளம்ப வேண்டாம். அந்தக் கணக்கு இனிவரும் பல பத்தாண்டுகளுக்கான கணிப்பையும் உள்ளடக்கியது. அதற்குள் இரண்டாவது தீ வந்தால் கணக்கு மாறும். பிர்ச் காடு மேலே மரமாகச் சேர்க்கும் கார்பன், கீழே உறைமண் உருகிப் போகும் கார்பனை ஈடுகட்டுமா என்பது களத்துக்குக் களம் வேறுபடும். இங்கே நான் உறுதியான பக்கத்திலிருந்து ஐயமான பக்கத்துக்கு வந்துவிட்டேன் என்பதைக் கவனிக்கவும். தீயின் அளவு கூடுகிறது என்பது உறுதி. 2023இல் கனடாவில் எரிந்தது சுமார் 1.5 கோடி ஹெக்டேர். அதற்கு முன் பதிவான எந்த ஆண்டையும்விட ஏறத்தாழ இரு மடங்கு. வண்டுகளும் அப்படியே. பிரிட்டிஷ் கொலம்பியாவில் பைன் பட்டை வண்டின் புழுக்களைக் கொன்று கட்டுக்குள் வைத்திருந்தது மைனஸ் 40 பாகையை நெருங்கும் குளிர்காலம். அந்தக் குளிர் அரிதானதும் 1990களின் பிற்பகுதியிலிருந்து 1.8 கோடி ஹெக்டேர்வரை பாதிக்கப்பட்டது.

இப்போது 'இன்னும் ஏன் உறுதியில்லை' என்பதற்கு வருகிறேன். இதற்கு நான் எப்போதும் காட்டும் சான்று போரியல் காட்டிலிருந்து அல்ல, அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்து இலையுதிர் காட்டிலிருந்து வருவது. ஹார்வர்ட் காடு என்ற அந்த ஆய்வுக்களத்தில் 1991இல் மண்ணுக்குள் மின்கம்பி புதைத்து, பக்கத்து மண்ணைவிட எப்போதும் 5 பாகை கூடுதலாக இருக்கும்படி செய்தார்கள். முதல் பத்தாண்டு மண்ணிலிருந்து கார்பன் பெருமளவு வெளியேறியது. அடுத்த ஏழு ஆண்டுகள் சூடேற்றிய துண்டுக்கும் சாதாரணத் துண்டுக்கும் வேறுபாடே இல்லை. மண் பழகிவிட்டது என்று சொல்ல எல்லா நியாயமும் இருந்தது. பிறகு 2008 வாக்கில் மீண்டும் வெளியேற்றம் தொடங்கியது, சில ஆண்டுகளில் மீண்டும் நின்றது. நுண்ணுயிர்கள் எளிதில் செரிப்பதைத் தின்று முடித்து, கூட்டமாகவே மாறி, கடினமானதைச் செரிக்கப் பழகிக்கொண்டன என்பது ஆய்வாளர்கள் தரும் விளக்கம். விளக்கத்தில் வாதத்துக்கு இடமுண்டு, அளவீட்டில் இல்லை. ஒரு முனைவர் பட்டத்துக்கு ஆகும் நான்கைந்து ஆண்டுகளை இந்த வரிசையில் எங்கே வைத்தாலும் ஒரு தெளிவான, நன்றாக அளக்கப்பட்ட, தவறான முடிவு கிடைக்கும். அதனால்தான் அவர்கள் தயங்குகிறார்கள். எனக்கு அந்தத் தயக்கத்தில் குறை தெரியவில்லை.

போரியல் பகுதியின் தென்விளிம்பில், மினசோட்டாவில் மார்செல் என்ற சோதனைக் காட்டில் இதைவிடத் துணிச்சலான ஒன்று நடந்தது. ஸ்புரூஸ் நிற்கும் ஒரு சதுப்பில், மேற்கூரை இல்லாத பத்து எண்கோணக் கூண்டுகளைக் கட்டி, மரம், பாசி, ஆழ்மண் எல்லாவற்றையும் சேர்த்து 9 பாகைவரை படிப்படியாகச் சூடேற்றினார்கள். ஆழ்மண்ணை 2014இலும், முழுச் சூழலையும் 2015இலும் சூடேற்றத் தொடங்கினார்கள். பாசி நலிந்தது, சதுப்பு தான் சேர்த்த வேகத்தைவிடப் பன்மடங்கு வேகத்தில் கார்பனை இழந்தது. பாதிக் கூண்டுகளில் கரியமில வாயுவையும் கூட்டியிருந்தார்கள். அது இழப்பை ஈடுகட்டும் என்ற நம்பிக்கை தொடக்க ஆண்டுகளில் நிறைவேறவில்லை. மிக வலுவான சோதனை இது. இருந்தாலும் பத்துக் கூண்டும் ஒரே சதுப்பில் இருக்கின்றன. சைபீரியாவின் லார்ச் காட்டுக்கு அந்த எண்களைத் தூக்கிக்கொண்டு போக முடியாது.

சைபீரியா என்றதும் பணக்கேள்வி வருகிறது. உலகின் போரியல் காட்டில் பாதிக்கு மேல் ரஷ்யாவில் இருக்கிறது. யெனிசேய் ஆற்றின் பக்கம் சொட்டினோ என்ற இடத்தில் ஜெர்மானியரும் ரஷ்யரும் சேர்ந்து 2006இல் 304 மீட்டர் உயரக் கோபுரம் எழுப்பிக் காற்றை அளந்துவந்தார்கள். 2022இல் போர் மூண்டதும் அந்தக் கூட்டுறவு முறிந்தது. மிகப் பெரிய பகுதிக்கான தரவு மற்றவர்கள் கைக்கு வருவது குறைந்துபோனது. இப்படி விழும் இடைவெளியை எந்தப் பணமும் பிறகு நிரப்பாது. போன ஆண்டை மறுபடி அளக்க முடியாது. இது எங்களுக்கு இங்கேயே தெரிந்த வலி. டிராகன்ஸ்பர்க்கின் கதீட்ரல் பீக் நீர்ப்பிடிப்புகளில் ஓடை நீரை 1940களின் இறுதியிலிருந்து அளந்தார்கள். பைன் நட்டால் ஓடை எவ்வளவு வற்றும் என்று அங்கும் கேப் பகுதியின் யோங்கர்ஸ்ஹூக்கிலும் எடுத்த அளவுகள்தான், மரத்தோட்டம் போட அரசு அனுமதி பெற வேண்டும் என்ற 1972ஆம் ஆண்டுச் சட்டத்துக்கு ஆதாரம். 1990களின் நடுவில் அந்த அளவெடுப்பு நின்றது. 2012 வாக்கில்தான் மீண்டும் தொடங்கியது. நடுவில் உள்ள ஆண்டுகளை வரைபடத்தில் வெள்ளையாக விட்டுத்தான் நாங்கள் வேலை செய்கிறோம்.

செலவும் அப்படியொன்றும் மலையளவு இல்லை. அலாஸ்காவின் நெனானா ஊரில் 1917இலிருந்து ஒரு பந்தயம் நடக்கிறது. உறைந்த தனானா ஆற்றின் மேல் ஒரு மரச்சட்டத்தை நட்டு, அதைக் கம்பியால் கரையில் உள்ள கடிகாரத்தோடு கட்டிவிடுகிறார்கள். பனி உடைந்து சட்டம் நகரும் நிமிடத்தைச் சரியாகச் சொன்னவருக்குப் பரிசு. பணம் சம்பந்தப்பட்டதால் யாரும் நேரத்தைத் தவறாகக் குறிக்க முடியாது. ஒரு நூற்றாண்டுக்கும் மேலான அந்தச் சூதாட்டப் பதிவு இன்று நல்ல காலநிலைத் தரவு. 2019இல் ஏப்ரல் 14 அன்றே பனி உடைந்ததுதான் அதில் மிக முந்தியது. அரசுத் திட்டங்கள் கைவிட்ட இடத்தில் பந்தயக்காரர்கள் தொடர்ந்து எழுதிவைத்திருக்கிறார்கள் என்பதை நினைத்தால் எனக்குச் சிரிப்பும் வருகிறது, கொஞ்சம் எரிச்சலும் வருகிறது.

செயற்கைக்கோள் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. 1972இலிருந்து லேண்ட்சாட் படங்கள் இல்லாவிட்டால் எரிந்த பரப்பையே நாம் சரியாக அறிந்திருக்க மாட்டோம். ஆனால் மேலிருந்து தெரியும் பச்சை ஸ்புரூஸா, பிர்ச் கன்றா, புதரா என்று பிரித்தறியக் கீழே ஒருவர் நின்றாக வேண்டும். பாசிக்கு அடியில் என்ன நடக்கிறது என்று அந்தப் பச்சை சொல்லாது. இனி 'வடக்குக் காடு தழைக்கிறது' என்றோ 'வடக்குக் காடு செத்துக்கொண்டிருக்கிறது' என்றோ செய்தி வந்தால் மூன்றைப் பாருங்கள்: எத்தனை ஆண்டு அளந்தார்கள், ஈரமான இடமா வறண்ட இடமா, மண்ணை அளந்தார்களா. மூன்றாவதற்கு விடை இல்லை என்றால் பாதிக் கணக்கைத்தான் படிக்கிறீர்கள்.

மொத்தமாகப் பார்த்தால் இந்தக் காடுகள் இன்னும் வெளியிடுவதைவிடக் கூடுதலாக உறிஞ்சுகின்றன என்பதே பெரும்பாலான கணக்கெடுப்புகளின் முடிவு. அந்த மிச்சம் இந்த நூற்றாண்டு முழுவதும் நீடிக்காது என்பது என் கணிப்பு. அதைத் தீர்மானிக்கப்போவது வெப்பத்தைவிடத் தீயும் ஈரமும்தான் என்றும் நினைக்கிறேன். இது கணிப்பு, அளவீடு அல்ல.

தங்கை மகளை அனுப்புவதைப் பற்றி: வேலை உருப்படியானது, சந்தேகமே வேண்டாம். ஆனால் அவள் எதில் சேருகிறாள் என்று தெரிந்துகொண்டு போகட்டும். அமெரிக்க நீண்டகால ஆய்வுக் களங்களுக்கு நிதி ஆறாண்டுத் தவணையில் வருகிறது. அவளுடைய படிப்பு எந்தத் தவணையின் நடுவில் விழுகிறது, தவணை முடிந்தால் சம்பளம் யார் பொறுப்பு என்று மேற்பார்வையாளரிடம் எழுத்தில் கேட்கச் சொல்லுங்கள். அவளுக்கு முன் அந்தத் துண்டு நிலங்களை அளந்தவர்களின் குறிப்பேடுகளைப் பார்க்க முடியுமா என்றும் கேட்கட்டும். தயங்காமல் காட்டுகிற குழு என்றால் நல்ல இடம். கொசுவலைத் தொப்பி அங்கேயே மலிவாகக் கிடைக்கும், இங்கிருந்து வாங்கிப் போக வேண்டாம்.